சயானோ-ஷுஷென்ஸ்கயா: யெனிசெய் ஆற்றின் பெரும் நீர்மின் நிலையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நிலையம் சரியாக எங்கே இருக்கிறது?

ரஷ்யாவின் தென் சைபீரியாவில், யெனிசெய் ஆறு சயான் மலைகளைக் குடைந்துகொண்டு வெளியே வரும் இடத்தில். இடது கரை ககாசியா குடியரசு, வலது கரை கிராஸ்னயார்ஸ்க் பிராந்தியம். பக்கத்து ஊர் செர்யோமுஷ்கி. நகரம் என்றால் சயனோகோர்ஸ்க். யெனிசெய் தெற்கே துவா மலைப்பகுதியில் உருவாகி நேர் வடக்கே ஓடி ஆர்க்டிக் பெருங்கடலின் காரா கடலில் கலக்கிறது. ஆறு மாதம் பனி உறையும் நாட்டில் ஓடும் ஆறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதில் புரியும்.

பெயரில் பாதி மலையுடையது, பாதி ஷுஷென்ஸ்கயே என்ற ஊருடையது. 1897 முதல் 1900 வரை லெனின் நாடு கடத்தப்பட்டு இருந்த ஊர் அது.

எவ்வளவு பெரியது?

யூனிட் (டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த தொகுதி) ஒன்றுக்கு 640 மெகாவாட், மொத்தம் 10 யூனிட், ஆக 6,400 மெகாவாட். ரஷ்யாவில் இதைவிடப் பெரிய மின் நிலையம் கிடையாது. அணையின் உயரம் 242 மீட்டர், மேல்தளத்தின் நீளம் 1,074 மீட்டர், அடியில் தடிமன் சுமார் 106 மீட்டர், உச்சியில் 25 மீட்டர். நீர்த்தேக்கம் 320 கி.மீ. நீளம், 621 சதுர கி.மீ. பரப்பு, கொள்ளளவு 31.34 கன கி.மீ. நம் கணக்கில் சொன்னால் சுமார் 1,107 டிஎம்சி. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 15.34 கன கி.மீ. மட்டுமே பயன்படுத்தக்கூடிய நீர். மீதி எப்போதும் அடியிலேயே நிற்கும்.

இன்னொரு அளவு: ஒரு டர்பைனுக்குள் முழு வேகத்தில் விநாடிக்கு சுமார் 358 கன மீட்டர் தண்ணீர் போகிறது. 194 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒவ்வொரு கன மீட்டரும் ஏறக்குறைய அரை யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் தரும்.

அந்த மின்சாரம் யாருக்கு?

பெரும்பகுதி அலுமினிய ஆலைகளுக்கு. சயனோகோர்ஸ்க், கிராஸ்னயார்ஸ்க், நோவகுஸ்நெத்ஸ்க் ஆலைகள் இரவு பகல் பாராமல் மின்சாரம் இழுப்பவை. ஆனால் நிலையத்தின் முக்கியமான வேலை வேறு: சைபீரிய மின்கட்டமைப்பில் தேவை ஏறி இறங்கும்போது கூடவே ஏறி இறங்கிச் சமன் செய்வது. அனல் நிலையத்தால் நிமிடங்களில் 500 மெகாவாட் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நீர் நிலையத்தால் முடியும். இந்தச் சௌகரியத்துக்கு டர்பைன்கள் கொடுத்த விலையைக் கீழே பார்க்கலாம்.

இது என்ன வகை அணை?

வளைவு-எடை அணை. எடையாலும் நிற்கும், வளைந்து கரைப் பாறைகளில் முட்டுக்கொடுத்தும் நிற்கும். தண்ணீர் தள்ளும் விசையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை அணையின் சொந்த எடை தாங்குகிறது, 40 சதவீதம் இரு கரைகளுக்குப் போகிறது. வெறும் எடை அணையாகக் கட்டியிருந்தால் கான்கிரீட் இன்னும் அதிகம் பிடித்திருக்கும். இப்போதே 90 லட்சம் கன மீட்டருக்கு மேல்.

கட்டுமானம் எப்படி நடந்தது?

ஆயத்தப் பணி 1963-இல் தொடங்கியது. வடிவமைப்பு லெனின்கிராட் ஹைட்ரோப்ரயெக்ட் அமைப்பின் கையில். ஆற்றுப்படுகையில் முதல் கான்கிரீட் 1970 அக்டோபர் 17-இல் விழுந்தது. 1975 அக்டோபர் 11-இல் ஆற்றை மறித்தார்கள். முதல் யூனிட் 1978 டிசம்பர் 18-இல் ஓடியது. பத்தாவது 1985 டிசம்பரில். ஆனால் நிலையம் முழுமையாக முடிந்தது என்று அரசு ஆணையம் கையெழுத்திட்டது 2000-இல்தான். நடுவில் ஓடிய பதினைந்து ஆண்டுகளும் பெரும்பாலும் பழுதுபார்ப்பில் போயின.

அணை முடியாமலே 1978-இல் மின்சாரம் எடுத்தது எப்படி?

தற்காலிக ரன்னர் வைத்து. டர்பைனின் இதயம் ரன்னர், அதாவது இதழ்கள் பொருத்திய சக்கரம். அதன் வடிவம் ஒரு குறிப்பிட்ட நீர்மட்ட உயரத்துக்கென்றே வார்க்கப்படுவது. 194 மீட்டருக்கு வார்த்ததை 60 மீட்டரில் ஓட்டினால் திறன் போய்விடும், அதிர்வும் கூடும். அதனால் முதல் யூனிட்களுக்கு 60 மீட்டரிலிருந்தே ஓடக்கூடிய மாற்று ரன்னர் போட்டார்கள். அணை உயர உயர மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. 1986-க்குள் 8,000 கோடி யூனிட் மின்சாரம் உற்பத்தியாகி, போட்ட பணம் திரும்பிவிட்டது.

கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் பாதி கட்டிய அணையின் முதுகில் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீரை ஏற்றினார்கள் என்பதும் இதே கணக்கின் இன்னொரு பக்கம். இந்த நிலையத்தின் தொல்லைகளில் பலவற்றின் வேர் அந்த அவசரத்தில் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

வெள்ளங்களில் என்ன ஆனது?

முதல் அடி 1979 மே 23. பனி உருகிய வெள்ளம் பிரிப்புச் சுவரைத் தாண்டி வழிந்து, ஓடிக்கொண்டிருந்த ஒரே யூனிட்டையும் கட்டுமானக் குழியையும் மூழ்கடித்தது. யூனிட்டைத் துடைத்து உலர்த்தி மறுபடி ஓட்டியபோது செப்டம்பர்.

இரண்டாவது அடி 1985. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அணையின் உபரிநீர் 11 மதகுகள் வழியாக அணைச் சரிவில் சறுக்கிக்கொண்டு வந்து, அடியில் உள்ள தணிப்புத் தொட்டியில் விழும். வேகத்தைக் கொல்வதற்கென்றே கட்டிய கான்கிரீட் தொட்டி அது. தரையில் 2 மீட்டருக்கு மேல் தடிமனான பலகைகள், அவற்றைப் பாறையோடு பிணைக்க 50 மி.மீ. விட்டமுள்ள இரும்பு நங்கூரக் கம்பிகள். முன்பு 1981 வெள்ளத்திலேயே தரையில் சேதம் உண்டானது. அதைச் சரியாகச் செப்பனிடவில்லை. 1985-இல் தண்ணீர் பலகைகளின் இணைப்புகள் வழியாகக் கீழே புகுந்தது. மேலே கொந்தளிப்பில் அழுத்தம் கூடிக் குறைய, கீழே புகுந்த நீரின் அழுத்தம் பலகையை அடியிலிருந்து தூக்கியது. கம்பிகள் அறுந்தன. பலகைகள் தொட்டிச் சுவருக்கு அப்பால் போய் விழுந்தன. அடியிலிருந்த பாறை 7 மீட்டர் ஆழம் வரை அரித்தது. தரையில் 80 சதவீதம் போய்விட்டது.

1988 வெள்ளத்தில் மறுபடியும் சேதம். அதன் பிறகு மதகுகளை எப்படி, எவ்வளவு திறக்கலாம் என்பதில் கட்டுப்பாடுகள் வந்தன. அணைக்குக் குந்தகம் இல்லாமல் உபரிநீரை வெளியேற்ற இன்னொரு வழி வேண்டும் என்ற யோசனை அங்கே உறுதிப்பட்டது.

அணையில் நீர்க்கசிவு இருந்ததாமே?

இருந்தது, சின்னக் கசிவும் அல்ல. அணையைக் குறுக்கே பல தூண்களாகப் பிரித்து வார்த்தார்கள். மற்றத் தூண்கள் உயருமுன்பே தண்ணீர் ஏறியதால், தண்ணீர்ப் பக்கத்து முதல் தூண் எதிர்பார்த்ததைவிட அதிகச் சுமை தாங்கியது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அந்தத் தூணின் கீழ்ப்பகுதியில் கிடைமட்ட விரிசல்கள் வந்தன. 1990-களின் நடுவில் விரிசல் வழியே விநாடிக்கு 458 லிட்டர் கசிந்தது. அடித்தளப் பாறை வழியே வந்தது தனி.

சாதாரண சிமென்ட் கிரவுட்டிங் (சிமென்ட் பாலை விரிசலுக்குள் அழுத்திச் செலுத்துவது) பலன் தரவில்லை. அழுத்தத்தோடு ஓடும் நீரில் சிமென்ட் பால் இறுகும் முன்பே அடித்துக்கொண்டு போய்விடும். 1996-இல் பிரான்சின் சொலட்டான்ஷ் பாஷி நிறுவனத்தோடு சேர்ந்து பாகுத்தன்மை மிகுந்த எபாக்ஸிக் கலவையை விரிசல்களுக்குள் செலுத்தினார்கள். அது பிடித்துக்கொண்டது. கசிவு பல பத்து மடங்கு குறைந்தது. அதே முறையைப் பிறகு அடித்தளத்துக்கும் கையாண்டார்கள். 1997-இல் நீர்மட்டத்தின் உச்ச வரம்பையும் ஒரு மீட்டர் குறைத்துக் கடல்மட்டத்திலிருந்து 539 மீட்டர் ஆக்கினார்கள்.

'தடைப் பகுதி' என்று சொல்கிறார்களே, அது என்ன?

2009 விபத்தைப் புரிந்துகொள்ள இது அவசியம். இங்குள்ளவை பிரான்சிஸ் வகை டர்பைன்கள். தண்ணீர் 7.5 மீட்டர் விட்டமுள்ள பென்ஸ்டாக் என்ற பெருங்குழாய் வழியாக இறங்கி, நத்தை ஓடு மாதிரி சுற்றிய குழாய்க்குள் நுழைந்து, திறந்து மூடும் இதழ்கள் வழியாக ரன்னருக்குள் பாய்ந்து, கீழே வெளியேறும். பழைய ரன்னரின் விட்டம் 6.77 மீட்டர், எடை 156 டன், நிமிடத்துக்கு சுமார் 143 சுற்று.

இதழ்கள் முழுதாகத் திறந்திருந்தால் தண்ணீர் ரன்னரைவிட்டு நேராகக் கீழே இறங்கும். பாதி திறந்திருந்தால் சுழன்றுகொண்டே வெளியேறும். அப்போது கீழ்க்குழாயில் கயிறு முறுக்கியதுபோல ஒரு நீர்ச்சுழல் உருவாகி, சுவரில் மாறி மாறி மோதும். யூனிட் முழுவதும் அதிரும். 212 மீட்டர் நீர்மட்ட வேறுபாட்டில் பழைய டர்பைன்களுக்கு வகுத்த எல்லைகள் இவை: 265 மெகாவாட் வரை ஓட்டலாம், 265 முதல் 570 வரை ஓட்டக் கூடாது, கடந்து போக மட்டும் செய்யலாம், 570 முதல் 640 வரை ஓட்டலாம்.

640 மெகாவாட் யூனிட்டில் ஏறக்குறைய பாதி அளவு விலக்கப்பட்ட இடம். தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் நிலையத்தில் இப்படிப்பட்ட டர்பைன் இருந்தால் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கடந்தே ஆக வேண்டும்.

2009 ஆகஸ்ட் 17-இல் நடந்தது என்ன?

முந்தைய இரவு ப்ராத்ஸ்க் நீர்மின் நிலையத்தில் தீப்பிடித்துத் தகவல் தொடர்பு அறுந்தது. ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் பொறுப்பு சயானோ-ஷுஷென்ஸ்கயாவுக்கு வந்தது. இரவு 11:14-க்கு 2-ஆம் யூனிட்டை ஓட்டினார்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் பழுதுபார்த்துப் புதிய கவர்னர் (டர்பைனின் வேகத்தையும் சுமையையும் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்திய யூனிட் அது; அதனால் சுமை மாறும்போது முதலில் அசையும் யூனிட்டாக அதையே வைத்திருந்தார்கள். அன்றிரவு மட்டும் ஆறு முறை தடைப் பகுதியைக் கடந்தது.

காலை 8:13. ஒன்பது யூனிட்கள் ஓடின, 6-ஆவது பழுதுபார்ப்பில். மொத்தச் சுமை சுமார் 4,100 மெகாவாட். 2-ஆம் யூனிட்டின் சுமை இறங்கி 475 மெகாவாட்டில் இருந்தபோது டர்பைன் மூடியைப் பிடித்திருந்த ஸ்டட்கள் (நட் போட்டு முறுக்கும் தடித்த மரைக்கம்பிகள்) அறுந்தன. சதுர செ.மீ.க்கு 21 கிலோ அழுத்தத்தில் இருந்த தண்ணீர் மூடியையும், ரன்னரையும், அதன்மேல் ஜெனரேட்டரின் சுழலும் பாகமான ரோட்டாரையும் சேர்த்து மேலே தூக்கி எறிந்தது. அந்தக் குழி வழியாகப் பொங்கிய நீர் மெஷின் ஹாலின் சுவர்களையும் கூரையையும் உடைத்துக்கொண்டு கீழ்த்தளங்களை நிரப்பியது. 75 பேர் இறந்தார்கள். பலர் டர்பைன் தளத்துக்குக் கீழே இருந்த அறைகளிலும் நடைபாதைகளிலும் வேலையில் இருந்தவர்கள்.

ஸ்டட்கள் ஏன் அறுந்தன?

உலோகக் களைப்பு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் முறிவதுபோலத்தான், ஆனால் இங்கே வளைவு கண்ணுக்குத் தெரியாது. மூடியைச் சுற்றி 80 மி.மீ. விட்டத்தில் 80 ஸ்டட்கள். விபத்துக்குப் பின் கிடைத்து ஆராயப்பட்டவை 49. அவற்றில் 41-இல் களைப்பு விரிசல். எட்டில் வெட்டுமுகத்தின் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே விரிந்துபோயிருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தது மிச்சம் 10 சதவீதம் மட்டும். ஆறு ஸ்டட்களில் மரை சிதையவே இல்லை, அதாவது நட் கழன்றிருந்தது அல்லது இல்லவே இல்லை.

இந்த ஆறுதான் எங்களைப் பொறுத்தவரை விபத்து விசாரணை அறிக்கையின் மிக முக்கியமான வரி. அதிர்வில் நட் தளர்வது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம். நட் சுழலாமல் பிடிக்கும் பூட்டும், அவ்வப்போது முறுக்கிப் பார்க்கும் ஒழுங்கும் இருந்திருந்தால் பக்கத்து ஸ்டட்கள் இத்தனை சுமை தாங்க நேர்ந்திருக்காது. ஸ்டட்டின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று மீயொலிக் கருவியால் பார்க்கும் சோதனை அப்போது கட்டாயம் இல்லை. விபத்துக்குப் பின் வந்தது. 2-ஆம் யூனிட்டுக்கு உற்பத்தியாளர் குறித்த ஆயுள் 30 ஆண்டு. அது முடிய மூன்று மாதமே பாக்கி.

அதிர்வு அளவைப் பார்த்திருக்கலாமே?

அதிகாரபூர்வ அறிக்கையின்படி 160 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரம்புள்ள இடத்தில் கடைசி 13 நிமிடங்களில் அதிர்வு 600-இலிருந்து 840-க்கு ஏறியது. ஆனால் அந்த உணரி யூனிட் நின்றிருந்தபோதும் இதே மாதிரி பெரிய எண்களைக் காட்டியது என்று சில பொறியாளர்கள் மறுக்கிறார்கள். எண் எதுவாக இருந்தாலும், அதிர்வு மிகுந்தால் யூனிட்டைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு அன்று செயல்பாட்டில் இல்லை. பழுதான உணரி என்றால் மாற்றியிருக்க வேண்டும், நல்ல உணரி என்றால் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு யூனிட் உடைந்தால் மற்றவை ஏன் நாசமாகின?

மெஷின் ஹாலில் நீர் ஏறியதும் கட்டுப்பாட்டு மின்சாரம் போயிற்று. மின்சாரம் இல்லாததால் மற்ற டர்பைன்களின் இதழ்கள் மூடவில்லை. சுமை இழந்து கட்டுமீறிச் சுழன்றன. 7, 9 யூனிட்கள் கிட்டத்தட்ட 2-ஐப் போலவே சிதைந்தன. தானியங்கிப் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்தது 5-ஆம் யூனிட்டில் மட்டும்.

தண்ணீரை நிறுத்த ஒரே வழி அணை உச்சியில் பென்ஸ்டாக் வாயில்களின் ஷட்டர்களை இறக்குவது. அதற்கும் மின்சாரம் இல்லை. ஊழியர்கள் உச்சிக்குப் போய்க் கையால் விடுவித்து இறக்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது அடுத்த சிக்கல்: டர்பைன் வழியும் மூடி, மதகுகளும் மூடி, நீர்த்தேக்கம் ஏறிக்கொண்டிருந்தது. டீசல் ஜெனரேட்டரால் கிரேனுக்கு மின்சாரம் கொடுத்து 11:50-க்கு மதகுகளைத் திறக்கத் தொடங்கி, 1:07-க்குள் பதினொன்றையும் திறந்தார்கள்.

அணை உடையும் அபாயம் இருந்ததா?

இல்லை. உடைந்தது அணையின் காலடியில் உள்ள மின் நிலையம். அணைக்கு ஒரு கீறலும் இல்லை. அன்று கீழ்ப்பகுதி ஊர்களில் பரவிய பீதி வதந்தியால் வந்தது. உண்மையான கீழ்ப்பகுதிச் சேதம் எண்ணெய்ப் படலம். மீன் பண்ணைகளில் சுமார் 400 டன் டிரவுட் செத்தது.

குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தார்கள்?

மதகுகள் கோடை வெள்ளத்துக்கென்று கட்டியவை. 2009-10 குளிர்காலம் முழுக்க அவை ஓட வேண்டியதாயிற்று. கடும் உறைகுளிரில் அவை எழுப்பிய சாரல் பக்கத்துச் சுவர்களிலும் கிரேன் பாதைகளிலும் மலைபோலப் பனிக்கட்டியாகப் படிந்தது. அதன் எடையே தனி ஆபத்து. டர்பைன் வழியாகக் கொஞ்சமாவது தண்ணீர் போனால்தான் மதகுகளைக் குறைக்க முடியும். அதனால் சேதம் குறைந்த யூனிட்களை அவசரமாகச் செப்பனிட்டார்கள்: 6-ஆவது 2010 பிப்ரவரி 24-இல் ஓடியது, மார்ச்சில் 5, ஆகஸ்டில் 4, டிசம்பரில் 3.

புதிய டர்பைன்கள் எப்போது வந்தன, எப்படி வந்தன?

பத்தும் புதிதாக மாற்றப்பட்டன. 2011 டிசம்பரில் 1-ஆம் யூனிட் தொடங்கி, விபத்து நடந்த 2-ஆம் யூனிட் கடைசியாக 2014 நவம்பர் 12-இல் ஓடியது. செலவு 4,100 கோடி ரூபிள். புதிய டர்பைனின் ஆயுள் 40 ஆண்டு. தடைப் பகுதி இப்போதும் உண்டு. பிரான்சிஸ் டர்பைனின் குணம் அது.

ரன்னரை ரயிலில் ஏற்ற முடியாது, அவ்வளவு அகலம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கப்பலில் வட கடல் வழியாக ஆர்க்டிக்கைச் சுற்றி வந்து, யெனிசெய் முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றோட்டத்துக்கு எதிராகத் தெற்கே ஏறினார்கள். வழியில் கிராஸ்னயார்ஸ்க் அணை. அங்கே கப்பலைத் தண்ணீர்த் தொட்டியோடு தண்டவாளத்தில் ஏற்றும் சாய்தளம் இருக்கிறது. அதற்கு மேலே மய்னா என்ற சிறு அணையில் அப்படி எதுவும் இல்லாததால் மீதி தூரம் சாலையில். கோடையில் பனி விலகும் சில வாரங்களைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

மய்னா அணை எதற்கு?

பெரிய நிலையம் மணிக்கு மணி ஏறி இறங்கும்போது ஆற்றின் மட்டமும் குதிக்கும். 21.5 கி.மீ. கீழே உள்ள மய்னா (321 மெகாவாட்) அந்தக் குதிப்பை வாங்கிக்கொண்டு சீராக விடுகிறது.

மதகுகளுக்கு மாற்று வழி கிடைத்ததா?

கிடைத்தது. வலது கரைப் பாறைக்குள் குடைந்த இரண்டு சுரங்கங்கள், அவற்றின் முடிவில் ஐந்து படிகளாக இறங்கும் கால்வாய். ஒரே பாய்ச்சலில் விழாமல் படிப்படியாக வேகம் குறைவதால் 1985 மாதிரி அரிப்பு வராது. பணி 2005-இல் தொடங்கி, முதல் சுரங்கம் 2010 ஜூனிலும் முழுதும் 2011-இலும் திறந்தது. விநாடிக்கு 3,800 கன மீட்டர் வரை விடலாம்.

நீர்த்தேக்கத்தால் என்ன போயிற்று?

சுமார் 35,600 ஹெக்டேர் விவசாய நிலம். துவாவில் பழைய ஷகோனார் நகரம் முழுவதும். காட்டை முழுமையாக வெட்டாமல் நீரை ஏற்றியதால் லட்சக்கணக்கான கன மீட்டர் மரம் பல ஆண்டுகள் மிதந்துகொண்டிருந்தது. அணைக்குக் கீழே ஆறு குளிர்காலத்தில் உறைவதில்லை, ஏனென்றால் தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் நீர் சற்று வெதுவெதுப்பானது. கரையோர ஊர்களுக்கு அதனால் பனிமூட்டமும் ஈரக்குளிரும்.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

2014 டிசம்பரில் சயனோகோர்ஸ்க் நீதிமன்றம் ஏழு பேரைக் குற்றவாளிகள் என்றது. நிலைய இயக்குநருக்கும் தலைமைப் பொறியாளருக்கும் ஆளுக்கு ஆறு ஆண்டு சிறை.

ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண் இருக்கிறதே, எதை நம்புவது?

பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். அணை உயரம் 245 என்றால் பழைய வடிவமைப்பு எண்; 242 இப்போது தரப்படுவது. நீர்மட்டம் 540 என்றால் 1997-க்கு முந்தைய வரம்பு. விபத்து நேரம் 8:13 உள்ளூர்க் கணக்கு, 4:13 மாஸ்கோ கணக்கு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அப்போது காலை 5:43.